பிரின்சஸ் லூயிஸ் பப்பின் தடுப்புகள் அசலா, வேடமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். லண்டன் ஹோல்போர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸ் என்ற பழைய பப்புக்குள் ஒரு பெரிய கூடத்தை எதிர்பார்த்து நுழைந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு கவுன்டரும், அதைச் சுற்றி மரத்தாலும் சித்திரக் கண்ணாடியாலும் தடுத்த, ஒரு சிலர் மட்டுமே நிற்கக்கூடிய சிறு சிறு அறைகளும்தான் கண்ணில் பட்டிருக்கின்றன. நம் ஊர்ப் பழைய தியேட்டர்களில் தரை, பெஞ்சு, சோபா என்று பிரித்து வைத்திருந்தார்களே, அப்படிப்பட்ட ஏற்பாடா இது என்பது உங்கள் முதல் கேள்வி. அந்தத் தடுப்புகள் 2008 வாக்கில்தான் போடப்பட்டவை என்று உடன் வந்தவர் சொன்னதால், நீங்கள் பார்த்தது பழமையா, பழமை வேடமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதைத் தொட முடியாது என்பதால் சற்றுச் சுற்றித்தான் வருவேன். பழைய கட்டடங்களை அளந்து, வரைந்து, எதைப் பழுது பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது என்று குறிப்பெழுதுவது என் தொழில். உரிமச் சட்டம் என் துறை அன்று. ஆகவே சட்டத்தைப் பற்றி நான் சொல்வதைக் கட்டடத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பப் என்பது தொடக்கத்தில் கடையே அன்று, வீடு. 'பப்ளிக் ஹவுஸ்' என்ற பெயரிலேயே அது இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் அத்தகைய வீட்டுக்குள் நுழைந்தவர் அடுப்பு எரியும் ஓர் அறையில் பெஞ்சில் உட்காருவார். சற்று வசதியானவர் என்றால் பார்லர் என்ற உள்ளறைக்குப் போவார். வேலைக்காரப் பையன் கீழ்நிலவறைக்கு இறங்கிப் பீப்பாயிலிருந்து பிடித்து வந்து கொடுப்பான். கவுன்டர் என்று ஒன்று கிடையாது. 'பார்' என்பது வீட்டுக்காரர் கணக்குப் புத்தகமும் கோப்பைகளும் வைத்துப் பூட்டிக்கொள்ளும் ஒரு சிறு அறை, அவ்வளவுதான். ஜோசப் பிராமா 1797இல் காப்புரிமை பெற்ற பீர் பம்பு போன்ற கருவிகள் பரவியபின், நிலவறையில் உள்ள பீரை மேலே நின்றபடியே கைப்பிடியை இழுத்து ஊற்ற முடிந்தது. கட்டடக்கலை வரலாற்றில் தூண்களுக்கும் வளைவுகளுக்கும் கிடைக்கும் மரியாதை இந்தக் கைப்பிடிக்குக் கிடைப்பதில்லை. ஆனால் பப்பின் உள்ளமைப்பைத் தலைகீழாக மாற்றியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. பீர் வரும் இடம் ஒரே இடமாக ஆனது. வாடிக்கையாளர் அந்த இடத்தை நோக்கி வரத் தொடங்கினார்.

அடுத்த திருப்பம் ஜின் அரண்மனைகள், அதாவது ஜின் என்ற சாராயத்தை விற்ற ஆடம்பரக் கடைகள். 1820களின் நடுவில் சாராய வரி குறைக்கப்பட்டதும் ஜின் வியாபாரம் பெருகியது. அதை விற்றவர்கள் வீட்டு மாதிரியை விட்டுவிட்டு, அன்றைக்குப் புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்த துணிக்கடைகளின் மாதிரியைப் பிடித்துக்கொண்டார்கள். நீண்ட கவுன்டர், பெரிய கண்ணாடி முகப்பு, எரிவாயு விளக்கு, நின்றபடியே குடித்துவிட்டு நகரும் கூட்டம் என்று எல்லாம் அங்கிருந்து வந்தவை. அந்த வகையின் முன்னோடிகளில் ஒன்று, ஜே. பி. பேப்வொர்த் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த தாம்ப்சன் அண்டு ஃபியரன் கடை, நீங்கள் போன அதே ஹோல்போர்ன் பகுதியில் 1830 அளவில் எழுந்தது. அதே 1830இல் வந்த பீர்ச் சட்டம், வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி (அன்றைய ஆங்கிலப் பண அளவு) கட்டணத்தில் பீர் விற்கும் உரிமம் பெறலாம் என்றது. ஆறே மாதத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய பீர்க் கடைகள் முளைத்தன. ஜின்னிலிருந்து மக்களைத் திருப்பத்தான் அந்தச் சட்டம். தெருவுக்குத் தெரு போட்டி வந்ததும், பீரோடு சாராயமும் விற்க முழு உரிமம் வைத்திருந்த பழைய பப்புகள் சும்மா இருக்குமா? அவையும் ஜின் அரண்மனையின் கவுன்டரையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டன. 1845இல் கண்ணாடிக்கான வரியும் 1851இல் சன்னல் வரியும் நீங்கியது அவர்களுக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

கவுன்டர் ஒன்று, அதன் முன்னால் நிற்பவர் பலர். தடுப்புகள் பிறந்தது இந்த இடத்தில்தான். வீடாக இருந்தபோது சுவர்கள் ஆட்களைப் பிரித்தன. கடையானபின் சுவர் போனது. ஆனால் பிரிந்து நிற்க வேண்டும் என்ற ஆசை போகவில்லை. வண்டியோட்டியும், அவனுடைய முதலாளியின் கணக்கப்பிள்ளையும், மதிய வேளையில் ஒரு கோப்பை குடிக்க வந்த கடைக்காரரின் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே கவுன்டரில் வாங்க வேண்டும். அதற்கு ஒரே வழி, கவுன்டரைக் கேக்கைப் போலத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தடுப்பும், இடம் அனுமதித்தால் தெருவிலிருந்து நேரே நுழைய ஒரு தனிக் கதவும் வைப்பது. கதவின் கண்ணாடியிலேயே பெயர் பொறித்திருக்கும்: பப்ளிக் பார், பிரைவேட் பார், சலூன் பார், சில இடங்களில் பெண்களுக்கான லேடீஸ் பார். 'ஜக் அண்டு பாட்டில்' என்று எழுதிய கதவு, வீட்டுக்குப் பீர் வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கானது. பெரும்பாலும் குழந்தைகளைத்தான் குடத்தோடு அனுப்புவார்கள். அதைக் கட்டுப்படுத்த 1901இல் தனிச் சட்டமே வர வேண்டியிருந்தது. லண்டனில் பத்துக்கும் மேற்பட்ட இத்தகைய பிரிவுகள் கொண்ட பப்புகள்கூட இருந்தன.

ஆகவே உங்கள் தியேட்டர் ஒப்புமை பாதி சரி. விலை வித்தியாசம் உண்மை: பப்ளிக் பாரில் வெறும் பலகைத் தரை, சலூனில் கம்பளமும் மெத்தை இருக்கையும், அதே பீப்பாயிலிருந்து வரும் அதே பீருக்குச் சலூனில் கூடுதல் காசு. ஆனால் தியேட்டரில் எல்லோரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். இங்கே எல்லோரும் பிறர் பார்வையிலிருந்து தப்பப் பார்த்தார்கள். அத்துடன் சோபா டிக்கெட்டுக்காரர் தம் இடத்தைப் பெருமையோடு காட்டிக்கொள்வார். பிரைவேட் பாரில் நின்றவர் தாம் அங்கே இருப்பதே தெரியக்கூடாது என்று நினைத்தார். பெண்கள் லேடீஸ் பாரில் மட்டுமே குடித்தார்கள் என்று இணையத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது தவறு. உழைக்கும் வர்க்கப் பெண்கள் பப்ளிக் பாரில் தாராளமாக நின்று குடித்தார்கள்; அதற்குச் சித்திரங்களும் புகைப்படங்களும் வேண்டிய அளவு உண்டு.

இப்போது பிரின்சஸ் லூயிஸுக்கு வருகிறேன். கட்டடம் 1872ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விக்டோரியா அரசியின் நான்காவது மகளின் பெயர் அதற்கு. நீங்கள் வியந்து பார்த்த உள்வேலை அதற்குப் பிந்தியது, 1891இல் ஆர்தர் சிட்டி என்ற கட்டடக்கலைஞரின் மேற்பார்வையில் செய்யப்பட்டது. மதுவிடுதிகளை வாங்கி, பளபளப்பாகப் புதுப்பித்து, ஏறிய விலைக்கு விற்கும் ஒரு மோகம் அந்தப் பத்தாண்டில் லண்டனைப் பிடித்து ஆட்டியது. பீர் ஆலைகள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. 1899 வாக்கில் அந்தக் குமிழி உடைந்தது. இன்று நாம் 'விக்டோரியா காலப் பப்' என்று மனத்தில் வைத்திருக்கும் உருவம் பெரும்பாலும் அந்தச் சில ஆண்டுகளின் ஊகவணிகத்தில் விளைந்தது என்பதை மறக்கக்கூடாது. இந்தப் பப்பின் சிறப்பு, வேலை செய்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும் என்பது. மரவேலை டபிள்யூ. எச். லாசெல்ஸ் நிறுவனம்; டைல்ஸ் டபிள்யூ. பி. சிம்ப்சன் அண்டு சன்ஸ். கண்ணாடி கென்னிங்டனைச் சேர்ந்த ஆர். மோரிஸ் அண்டு சன். பெரும்பாலான பப்புகளில் இந்த விவரம் கிடைக்காது; கிடைக்காத இடத்தில் கதை முளைத்துவிடும். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் உள்ள கிரவுன் சலூன் என்ற பப்புக்குப் போனால், தேவாலயங்களில் வேலை செய்ய வந்த இத்தாலியக் கைவினைஞர்கள் மாலை நேரத்தில் வந்து அதைச் செய்துகொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அழகான கதை, ஆனால் அதன் டைல்ஸ் ஷ்ரோப்ஷயரில் உள்ள கிரேவன் டன்னில் ஆலையில் செய்யப்பட்டவை. மற்றதை நான் செவிவழிச் செய்தியாகவே வைத்திருக்கிறேன்.

தரைப்படத்தைக் கவனியுங்கள். இரண்டு தெருக்கள் சந்திக்கும் மூலைமனை என்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் தெருவிலேயே கதவு வைத்துவிடலாம். குறுகிய முகப்போடு உள்நோக்கி நீளும் மனையில் அது முடியாது. அதனால்தான் பிரின்சஸ் லூயிஸில் கவுன்டரின் இரு பக்கமும் சுவரை ஒட்டி நீண்ட நடைவழிகள் ஓடுகின்றன. பிரிவுகள் அந்த நடைவழிகளிலிருந்து திறக்கின்றன. வெளிச்சம் நேரே வராத அந்தச் சுவர்களில்தான் டைல்ஸும் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடிகளும் மாறி மாறி வருகின்றன. இதை வெறும் ஆடம்பரம் என்று கடந்துவிட வேண்டாம். எரிவாயு விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தை வாங்கி எதிர்ப்பக்கம் அனுப்புவது அவற்றின் வேலை. புகையும் சிந்திய பீரும் படிந்த சுவரை ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்பது கூடுதல் இலாபம். கீழ்த்தளத்தில் உள்ள ஆண்கள் கழிப்பறையைப் பார்க்காமல் வந்திருந்தால் மறுபடியும் போய்ப் பாருங்கள். பளிங்கால் ஆன அந்தச் சிறுநீர்த் தொட்டிகளுக்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அதன் மேற்பரப்பில் இருக்கிறது. பழைய முறையில் கண்ணாடிப் பலகையின் மீது அமிலம் தொடக்கூடாத இடங்களில் கருப்பு வார்னிஷைப் பூசிவிட்டு, மீதி இடத்தை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சார்ந்த கலவையால் அரிக்கவிடுவார்கள். கலவையை மாற்றி இரண்டு மூன்று முறை திரும்பச் செய்தால், பனி படர்ந்தது போன்ற வெண்மை, அதைவிட மங்கலான சாம்பல் நிறம், பட்டுப் போன்ற ஒரு மினுக்கம் என்று ஒரே கண்ணாடியில் பல சாயல்கள் கிடைக்கும். ஆழமான நட்சத்திரங்களும் கோடுகளும் வேண்டுமென்றால் சுழலும் கல் சக்கரத்தில் பலகையைப் பிடித்து வெட்ட வேண்டும். இந்தக் காலத்து மலிவான மாற்று, மணலைப் பீய்ச்சி அடிப்பது. தொட்டால் வித்தியாசம் விரலுக்கே தெரியும்: அமிலம் அரித்த பரப்பு வழுவழுப்பாக இருக்கும், மணல் அடித்தது சொரசொரப்பாக இருக்கும், விரல் ரேகை படிந்தால் எளிதில் போகாது. நான் கணக்கெடுக்கப் போகும் இடங்களில் டார்ச்சை எடுப்பதற்கு முன்னால் விரலைத்தான் வைப்பேன்.

தடுப்புகள் ஏன் போயின என்பதற்கு இரண்டு காரணங்கள் உறுதியானவை. ஒன்று, உரிமம் வழங்கிய மாஜிஸ்திரேட்டுகளுக்கு அவற்றை எப்போதுமே பிடிக்கவில்லை. எந்த மூலையில் யார் குடித்துச் சாய்ந்து கிடக்கிறார், யாருக்கு மீண்டும் ஊற்றுகிறார்கள் என்று கண்காணிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். 1902ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு உள்ளமைப்பை மாற்ற அவர்களிடம் வரைபடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியிருந்ததால், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தடுப்பைக் காவு கொடுக்கும் நிலை வந்தது. மற்றொன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ரசனை. பப்ளிக் பாருக்கும் சலூனுக்கும் இடையிலான வேறுபாட்டையே சங்கடமாக உணர்ந்த ஒரு தலைமுறை வந்தது. குறைந்த ஊழியர்களை வைத்து ஒரே பார்வையில் முழு இடத்தையும் கவனிப்பது உரிமையாளர்களுக்கும் இலாபமாக இருந்தது. பிரின்சஸ் லூயிஸும் அந்த அலையில் தன் தடுப்புகளை இழந்தது. சுவரும் கண்ணாடியும் டைல்ஸும் கவுன்டரும் தங்கின. இடையில் இருந்த மரம் போயிற்று. அந்த நிலையில் அதைப் பார்த்தவர்கள் அழகான ஒரே கூடமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். பிறகு அதன் உரிமையாளரான சாமுவேல் ஸ்மித் பீர் ஆலை 2007-08இல் விரிவான வேலை எடுத்துச் செய்து, 1891இன் பிரிவுகளை மீண்டும் நிறுவியது. உடன் வந்தவர் சொன்னது சரிதான்.

அப்படியானால் வேடமா? என் தொழிலில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பழங்கட்டடங்களைப் பாதுகாப்பதற்காக 1964இல் உருவான சர்வதேச ஆவணமான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. தடுப்பு இருந்த இடம் நிச்சயமாகத் தெரியுமா என்பதே முதல் சோதனை. பழைய மரவேலையில் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். கவுன்டரின் முன்பலகையில் ஓர் அலங்காரப் பட்டை காரணமில்லாமல் நடுவில் நின்றுவிட்டிருக்கும்; கூரையின் விளிம்பு வார்ப்பில் ஒட்டுப்போட்ட ஒரு கையகல இடம் இருக்கும்; தரையில் தேய்மானம் ஒரு கோட்டில் சட்டென்று நிற்கும். இந்த மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் சேர்ந்தால் அங்கே தடுப்பு இருந்தது என்று நான் எழுதிக் கையெழுத்திடுவேன். ஒன்று மட்டும் இருந்தால் 'இருந்திருக்கலாம்' என்றுதான் எழுதுவேன். தடுப்பின் உயரமும் மேல் அலங்காரமும் வேறு விஷயம். பழைய படமோ வரைபடமோ இல்லாமல் அவற்றைத் தழும்பை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய இரண்டு கைப்பேசிப் படங்களை வைத்துக்கொண்டு 'இந்தப் பலகை பழையது, அது புதியது' என்று சொல்வதும் நேர்மையாகாது.

என் தீர்ப்பைக் கேட்டால், பிரின்சஸ் லூயிஸில் புதியது மரம்தான், அமைப்பு பழையது. ஒரே கூடமாக இருந்தபோது அங்கே இருந்த பொருள்கள் கூடுதல் அசலாக இருந்தன என்றாலும், இடம் பொய் சொன்னது: அத்தனை கண்ணாடியும் அத்தனை நீள நடைவழியும் எதற்காக என்பது யாருக்கும் புரியாது. தடுப்புகள் திரும்பியதும் அவை எல்லாவற்றுக்கும் காரணம் தெரிகிறது. எனக்கு உள்ள ஒரே குறை, புதிய வேலை பழையதோடு மிக நன்றாகக் கலந்துவிட்டது என்பது. மாற்றிவைத்த பகுதி பொருந்தவும் வேண்டும், உற்றுப் பார்ப்பவருக்கு வேறாகத் தெரியவும் வேண்டும் என்று அதே சாசனம் சொல்கிறது. தச்சர்கள் யார் கண்ணுக்கும் படாத ஓர் அடிவிளிம்பில் ஆண்டைச் செதுக்கி வைக்கும் வழக்கம் உண்டு. அது போல ஒன்று ஒவ்வொரு தடுப்பிலும் இருந்தால் எனக்குத் திருப்தியாக இருக்கும். சக தொழிலர் சிலர் இதைக்கூட மிகை என்பார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இதற்கு 'இரண்டாம் தரம், நட்சத்திரக் குறியுடன்' (கிரேடு II*) என்ற சட்டப் பாதுகாப்பு இருப்பதால், இனி யாரும் மனம்போனபடி இதைக் கழற்றிவிட முடியாது.

இடம் விட்டு இடம் மாறாத பழைய பொருளையே பார்க்க வேண்டும் என்றால் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஹோல்போர்னிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், லாம்ப்ஸ் காண்டூயிட் தெருவில் 'தி லாம்ப்' இருக்கிறது. கவுன்டரின் மேல் முக மட்டத்தில் சிறு சிறு கண்ணாடிக் கதவுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் நடு அச்சில் சுழலும். ஸ்னாப் ஸ்கிரீன் என்பார்கள். ஊற்றுபவரிடமிருந்து முகத்தை மறைக்கவே அவை என்று பொதுவாகச் சொல்வதை நான் முழுவதும் ஏற்கவில்லை: ஊற்றுபவர் குரலைக் கேட்கிறார், கையைப் பார்க்கிறார், வாரத்தில் நான்கு நாள் வருகிறவரை அடையாளம் தெரியாமலா போகும்? கவுன்டருக்கு அந்தப் பக்கம் வேறொரு பிரிவில் நிற்பவரின் கண்ணிலிருந்து தப்புவதற்கே அவை பயன்பட்டிருக்கும் என்பது என் எண்ணம். எண்ணம் என்றே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மைடா வேல் பகுதியில் ஃபார்மோசா தெருவில் உள்ள 'பிரின்ஸ் ஆல்ஃபிரட்'. அங்கே தடுப்புகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு ஊழியர்கள் போய்வர, தடுப்பின் அடிப்பகுதியில் இடுப்பளவே உயரமுள்ள குட்டிக் கதவுகள் வைத்திருக்கிறார்கள். வார நாளில் மதியம் மூன்று மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, கேட்டுக்கொண்டு ஒரு முறை நுழைந்து பார்க்கலாம். கையில் நிரம்பிய கோப்பை இருந்தால் மட்டும் அதைக் கவுன்டரிலேயே வைத்துவிட்டுக் குனியுங்கள்.